ஜாக்கி மேசையைத் தொட்டதா?

அன்புள்ள கவிதா, செந்தில்,

ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கு ரெண்டு பேருமே போனில் "மலேசியா எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருந்துச்சு, நல்ல மழை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்கூட இல்லை. உங்கள் ரெண்டு பேர் தலைமேலும் அடித்துக் கொடுத்த ஒரு சத்தியத்தை அங்கே மீறிவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் தலைமேல் கொடுத்ததால் உங்களிடம்தான் சொல்லியாக வேண்டும். எனக்குக் கோர்வையாக எழுத வராது. போன நாளிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

சேவியர் மாமாவை உங்களுக்குத் தெரியும். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வெல்டர். கிறிஸ்துமஸுக்குக் கேக்கைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவானே, அவன்தான். ஆனால் பொன்மலை இன்ஸ்டிட்யூட் கிளப்பில் சாயங்காலம் சாயங்காலம் நாங்கள் என்ன செய்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது. "அப்பா சீட்டாடப் போயிருக்கார்" என்று உங்கள் அம்மா சொல்லுவாள், அதோடு சரி. நாங்கள் ஆடியது காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. பிரிட்ஜ். நாலு பேர் உட்காருவார்கள், எதிரெதிரே இருக்கிற ரெண்டு பேர் ஒரு ஜோடி. ஃபோர்மேன்மார் ஆடுகிற ஆட்டம் அது. ஒருநாள் அவர்களுக்கு ரெண்டு கை குறைந்தது. எட்டாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த ஃபிட்டரான என்னையும், வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்ற சேவியரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்படி எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் இருபத்திரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவி இறந்தபிறகு மகள் மெர்சி அவனை மலேசியாவில் கிள்ளானுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போன மாதம் அவனிடமிருந்து போன் வந்தது. "டேய் ராசு, இங்க பக்கத்துல பிரிக்பீல்ட்ஸ்ல ரெண்டு நாள் பிரிட்ஜ் ஜோடிப் போட்டி. உன் பேரைக் கொடுத்துட்டேன். வந்து சேரு."

வியாழக்கிழமை போய் இறங்கினேன். மெர்சியின் வீடு கிள்ளானில் வரிசை வீடு. மருமகன் துறைமுகத்தில் வேலை. பேத்திகள் ரெண்டு பேரும் என்னை "தாத்தா" என்று தமிழில் கூப்பிட்டுவிட்டு, அவர்களுக்குள் மலாயில் சண்டை போட்டுக்கொண்டார்கள். சேவியர் வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான். என்னைக் கட்டிப்பிடிக்க வந்த வேகத்தில் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். "வீடு சின்னதுடா" என்று சிரித்தான்.

சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு மழை பிடித்தது. அங்கே தினமும் அப்படித்தானாம். நம் ஊரில் மழையைப் பற்றிப் பேசுவோம், அங்கே மழையை வைத்து மணி சொல்லுகிறார்கள். விட்டதும் முனையில் இருக்கிற கடையில் தே தாரிக் குடித்தோம். டீயை ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றி நுரையோடு தருகிறார்கள். கூட ரொட்டி சானாய். நம் பரோட்டாவுக்குச் சித்தி மகன் மாதிரி இருக்கிறது, ஆனால் சால்னா கிடையாது, பருப்புக் குழம்பு. சேவியர் அதைப் பிய்த்துக்கொண்டே, "நம்ம கேண்டீன் கொத்து ஞாபகம் இருக்கா?" என்றான். இருந்தது. அந்த எண்ணெய் வாசனை, ஆறு மணி சங்கு, சீட்டு ரூமில் ஓடுகிற பழைய ஃபேன், எல்லாமே இருந்தது. ரெண்டு பேரும் பில்லைக் கேட்க மறந்து உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் வந்து, "அண்ணே, கடே சாத்தணும்" என்ற பிறகுதான் எழுந்தோம்.

வெள்ளிக்கிழமை, மறுநாள் போட்டி நடக்கிற இடத்தைப் பார்த்துவைக்கலாம் என்று ரயிலேறினோம். சேவியர் வழக்கமாகப் போகிறவன் என்பதால் நான் பின்னாடியே போனேன். பெட்டியில் ஏறி உட்கார்ந்தபிறகு பார்த்தால் சுற்றிலும் பெண்கள். ஜன்னலெல்லாம் ரோஸ் கலர் ஸ்டிக்கர். எதிரில் ஆபீஸ் போகிற பெண் ஒருத்தி சொன்னாள்: "அங்கிள், இது லேடீஸ் கோச் லா. அடுத்த பொட்டிக்கு மாறிடுங்க."

"வயசாயிட்டா எல்லாரும் ஒண்ணுதாம்மா" என்றான் சேவியர்.

"கார்ட் வருவாரு, அவருகிட்ட இதையே சொல்லுங்க, பாப்போம்" என்றாள். பெட்டியே சிரித்தது. நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடந்தோம். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒன்று உறுத்தியது. "அவ்ளோ பெருசா ஒட்டியிருக்கான், எப்படிடா பாக்காம ஏறின?" என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சொன்னான். "இடது கண்ணு போயிருச்சுடா. ஒரு வருஷமாச்சு. முழுக்கப் புகை."

"டாக்டர்?"

"போகல."

"மெர்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சனிக்கிழமையானா ஆடப் போறதுக்கு என்னைத் தனியா ரயிலேத்தி விடுவாளா? வாரத்துல ஆறு நாள் அவ வீட்டு அப்பா நான். நல்லா வச்சிருக்கா, குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒரு நாள்தான்டா நான் நானா இருக்கேன்." என் கையைப் பிடித்தான். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மெர்சிகிட்டயும் கூடாது, ஆடுற இடத்துலயும் கூடாது. உன் பிள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். டாக்டரிடம் போவதாக அவனிடமும் ஒரு சத்தியம் கேட்டேன். "போட்டி முடியட்டும்" என்றான்.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். பாகற்காயை மொறுமொறுவென்று அப்பளம் மாதிரிப் பொரித்து வைத்தார்கள். நம் ஊரில் பாகற்காயைத் தொடாத நான் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். பரிமாறினவர், "என்னா பாஸ், சோறு வேணாமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை. ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி. பதினாறு ஜோடிகள். சீனர்கள், தமிழர்கள், ஒரு சீக்கியத் தம்பதி. முதலில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த அமைதிதான். எத்தனை பிடி எடுப்போம் என்கிற ஏலத்தை வாயால் சொல்லுவதில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து அட்டையை எடுத்து வைக்கிறார்கள். ஏஸியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் "நாலு ஆட்டின்!" என்று கத்தினால் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் "டபுள்!" என்பான்.

இந்த இடத்தில் எங்கள் ஃபேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ராட்சச ஃபேன். எங்கள் சீட்டோ வருஷக்கணக்கில் ஆடி நைந்த சீட்டு. கார்டை மேசையில் போட்டால் பறந்துவிடும். அதனால் போட்ட கார்டின் மேல் விரலை வைத்தபடியே இருப்போம். நாலு கார்டும் விழுந்தபிறகு ஒருவர் அள்ளுவார். போகப்போக அதுவே சட்டமாகிவிட்டது. விரலை எடுத்தால்தான் கார்டு ஆடினதாகக் கணக்கு. அதுவரை மனசு மாறினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஃபோர்மேனும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். உலகமே அப்படித்தான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வரைக்கும் நன்றாக ஆடினோம். சேவியர் முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் மேசையைப் பார்த்து ஆடினான். டீ நேரத்தில் பலகையில் எங்கள் பெயர் ரெண்டாவதாக இருந்தது. "பொன்மலைடா!" என்று என் முதுகில் அடித்தான். ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். இடது பக்கம் யார் உட்கார்ந்தாலும், சேவியர் முகத்தைத் திருப்பியதும் அவர்கள் கார்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் டீக்கு எங்கள் பக்கம் யாரும் வந்து நிற்கவும் இல்லை.

அடுத்து லியோங் அம்மாவும் நாதன் அண்ணனும் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனோம். லியோங் அம்மா ரிட்டயர்டு டீச்சர், எழுபதுக்கு மேலே. நாதன் அண்ணன் பேங்கில் இருந்தவர், நம் தமிழர், பிறந்ததே கிள்ளானில். சேவியருக்கு இடது பக்கம் அவர்.

ஏலம் எனக்கு வந்தது. பதிமூன்று பிடியில் பத்து எடுக்க வேண்டும்; நாலு பேரும் ஆளுக்கொரு கார்டு போட்டால் பெரிய கார்டுக்காரருக்கு அது ஒரு பிடி. ஏலம் எடுத்தவனுடைய ஜோடி தன் கார்டையெல்லாம் மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். அவன் கையையும் நான்தான் ஆடுவேன். கடைசியில் ஆளுக்கு நாலு கார்டு பாக்கி. நான் இன்னும் ஒரு பிடிதான் விடலாம். சேவியர் கையிலிருந்து ஒரு சின்ன டைமனை ஆடினேன். நாதன் அண்ணன் சின்னதாக ஒன்று போட்டார். என் கையில் டைமன் ராஜாவும் ஜாக்கியும். எதைப் போடுவது?

ஜாக்கியை வைத்தேன். விரல் அதன் மேலேயே இருந்தது. அந்த நொடியில் ஞாபகம் வந்தது: ஏலத்தில் நாதன் அண்ணன் அவ்வளவு தூரம் ஏறினாரே, ஆஸ் அவரிடம்தான் இருக்கும், அவரோ சின்னதைப் போட்டுவிட்டார், ராஜாதான் சரி. ஜாக்கியை எடுத்துவிட்டு ராஜாவை வைத்தேன்.

லியோங் அம்மா கையைத் தூக்கினார். "டைரக்டர்!"

நடுவர் பிரேமிளா என்கிற தமிழ்ப் பெண். கவிதா வயசு இருக்கும். வந்து குனிந்து கேட்டாள். லியோங் அம்மா இங்கிலீஷில், "ஜாக்கியை ஆடிவிட்டுத் திருப்பி எடுத்தார்" என்றார்.

"மேசையில வச்சாரு. நான் பாத்தேன்" என்றார் நாதன் அண்ணன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சேவியர் சொன்னான். "தொடவே இல்ல. அந்தரத்துலதான் இருந்துச்சு."

நாதன் அண்ணன் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அன்றைக்கு வந்த கோபம் மட்டும் இல்லை. ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்த ஒன்று இருந்தது.

பிரேமிளா என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. கார்டு மேசைய தொட்டுச்சா?"

பிள்ளைகளே, "தொடல" என்றால் முடிந்தது. ரெண்டுக்கு ரெண்டு. "தொட்டுச்சு" என்றால் இருபத்திரண்டு வருஷ ஜோடி பொய்யன் ஆகிவிடுவான். நான் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிடுவேன். அவன் அடுத்த சனிக்கிழமையும் இதே படியேறி இவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

"தொட்டுச்சும்மா" என்றேன். "நல்லா தொட்டுச்சு. விரலை எடுக்கல, அவ்வளவுதான். எங்க இடத்துல விரலை எடுத்தாத்தான் கணக்கு."

"இங்க அப்படி இல்ல அங்கிள். ஏலம் எடுத்தவரு கார்டோட முகம் தெரியிற மாதிரி மேசையில தொட்டு வச்சா, ஆடினதுதான். விரலு இருந்தா என்னா, இல்லாட்டி என்னா."

"சரிம்மா."

நாதன் அண்ணன் விடவில்லை. "அப்போ மிஸ்டர் சேவியர் சொன்னது என்னா லா? ஒரு வருஷமா பாக்குறேன். என் கார்டைப் பாக்குற மாதிரியே திரும்பித் திரும்பி உக்காருவாரு. பெரியவராச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்போ ஆளையும் கூட்டிட்டு வந்திருக்காரு."

சேவியர் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவன் எழுந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மறுபடி அந்தப் படியேற மாட்டான், அவனை எனக்குத் தெரியும்.

"அவனுக்கு இடது கண்ணு தெரியாது" என்றேன்.

சேவியர் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

"உங்க கார்டை எங்கண்ணே அவன் பாக்குறது? உங்களையே அவனுக்குத் தெரியாது. மேசையைப் பாக்கத்தான் அந்தப் பக்கம் திரும்புறான். ஜாக்கி தொட்டது அவனுக்குத் தெரிஞ்சிருக்காது." கடைசி வாக்கியத்தை நான் நம்பிச் சொல்லவில்லை. எனக்காகப் பொய் சொல்லிவிட்டான், அதை மூட வேண்டும் என்றுதான் சொன்னேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நாதன் அண்ணன் கையில் இருந்த கார்டுகளைக் கவிழ்த்து வைத்தார். "சாரி பாஸ்" என்று மட்டும் சொன்னார். லியோங் அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து சேவியரின் வலது கைப்பக்கம் வைத்தார். இடது பக்கம் வைக்கவில்லை.

தீர்ப்பு ஜாக்கிதான். அந்த அம்மாவின் ராணி அதை எடுத்தது, பிறகு நாதன் அண்ணனின் ஆஸ். ஒரு பிடி குறைந்தது. ரெண்டாவதாக இருந்தவர்கள் ஏழாவதுக்குப் போனோம்.

திரும்பும்போது ரயிலில், கிள்ளான் வருவதற்கு முன்னால் கேட்டான். "என் கண்ணையும் காட்டிக் கொடுத்த. கார்டையும் விட்ட. ஏதாவது ஒண்ணையாவது காப்பாத்தியிருக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாதன் அண்ணன் போன் செய்தார். தானும் கிள்ளானிலேயே இருப்பதால் இனிமேல் சேவியரைத் தன் காரிலேயே அழைத்துப் போவதாகச் சொல்ல நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டார். எடுத்தது மெர்சி. "எந்தக் கண்ணு, அங்கிள்?" என்று அவள் கேட்டது சமையலறைக்குள் இருந்த எனக்கே கேட்டது.

அப்புறம் நடந்ததைக் கேட்காதீர்கள். "ராசு மாமா, உங்களுக்கும் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?" என்று அழுதாள். சேவியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "ஆடப் போகல. ரெண்டாம் நாளும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான்.

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். "பேர் கொடுத்துட்டுப் போகாம இருந்தா மத்தவங்க ஆட்டமும் கெடும். நீங்கதானே சொல்லுவீங்க? எந்திரிங்க. திங்கக்கிழமை கண்ணு டாக்டர்கிட்ட போறோம். இன்னைக்கு ஆடுறோம்."

அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். மாடியில் எங்கள் மேசையில் பெரிய எழுத்துப் போட்ட சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. லியோங் அம்மாவின் வீட்டுக்காரருக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தானாம், அவருடைய கட்டாம். சேவியர், "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா?" என்றான். பிரேமிளா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இந்த அங்கிளோட ஆடுறவங்க கார்டு போடறப்ப வாயால சொல்லிட்டுப் போடணும். சரியா?"

முதல் மேசையில் வந்து உட்கார்ந்த சீக்கியப் பெரியவர் கூச்சத்தோடு மெதுவாகச் சொன்னார். "ஸ்பேடு ஒன்பது."

"கேக்கல" என்றான் சேவியர்.

"ஸ்பேடு ஒன்பது!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேவியர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. ஆனால் அடுத்த கார்டை அவன் போட்டபோது, அந்தக் குளிர்ந்த ரூமில் அவன் குரல் ஆறு மணி சங்கு மாதிரிக் கிளம்பியது. மெர்சி சுவரோரம் உட்கார்ந்து அப்பா ஆடுவதை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவதாக முடித்தோம். கிளம்பும்போது லியோங் அம்மா, "அடுத்த சனிக்கிழமை?" என்று கேட்டார். "பாக்கலாம்" என்றான்.

திங்கட்கிழமை டாக்டர், போன கண் வராது, இருக்கிற கண்ணைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். செவ்வாய்க்கிழமை வழியனுப்ப வந்த சேவியர் என் பையை வாங்கி வைத்தான், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். எல்லாம் செய்தான். கட்டிப்பிடிக்கவில்லை. "சத்தியம் பண்ணின இல்ல?" என்றான். "பண்ணினேன்" என்றேன். "உன் பிள்ளைங்ககிட்ட நீயே சொல்லிடு" என்றான். அதுதான் இந்தக் கடிதம்.

வந்து நாலாம் நாள் மத்தியானம். உங்கள் அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். பீரோவிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அந்தரத்தில்தான் இருந்தது என்று சேவியர் சொன்னதையே நினைத்துக்கொண்டு, கைக்குட்டையை மடித்து இடது கண்ணில் கட்டிக்கொண்டேன். டைமன் ஜாக்கியைத் தேடி எடுத்து, கையை முழுக்க நீட்டி, எதிர் நாற்காலிப் பக்கமாக மெதுவாக இறக்கினேன். மேசையைத் தொடவில்லை, இன்னும் ரெண்டு விரல் தூரம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு, கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கார்டின் விளிம்பு மேசைமேல் அழுந்தி வளைந்திருந்தது.

மறுபடி கட்டிக்கொண்டு, மறுபடி இறக்கினேன்.